அக்ராவில் தண்ணீரை வேண்டாமென்று சொல்லாதீர்கள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாவது வரை படித்தவள். கோடு போட்ட நோட்டில் எழுதினாலும் என் எழுத்து ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். எந்த நாள் எது நடந்தது என்பதும் இப்போது கலந்து கலந்துதான் ஞாபகம் வருகிறது. டாலஸ் பக்கம் காப்பெல்லில் இருக்கும் கவிதாவின் வீட்டுக்காரருக்கு டெலிபோன் கம்பெனி வேலையாக ஆப்பிரிக்காவில் கானா தேசத்து அக்ராவுக்கு இரண்டு வருஷம் மாற்றலாம். கடற்கரை ஊர் அது. "ஆன்ட்டி, நீங்க போயிட்டு வந்தவங்க. என்ன பேக் பண்ணணும், எப்படி நடந்துக்கணும்னு எழுதித் தாங்க. நம்ம தமிழ்ச் சங்க நியூஸ்லெட்டர்ல போட்டுடறேன்" என்று கேட்டாள். நேரில் கேட்டிருந்தால் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். எழுதுவதென்றால் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் ஒத்துக்கொண்டேன்.

நான் அங்கே ஊர் பார்க்கப் போகவில்லை. என் தம்பியின் சாம்பலை வாங்கி வரப் போனேன். அதை விட்டுவிட்டு யோசனை மட்டும் எழுதலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

தம்பி பேர் சுப்பிரமணி. திருப்பூர்ப் பக்கம் நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தான். கட்டினவள் இரண்டே வருஷத்தில் போய்விட்டாள், குழந்தை இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கானாவுக்குப் போனவன்தான். அக்ராவை ஒட்டி டெமா என்று துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே ஒரு நூல் மில்லில் இருபத்திரண்டு வருஷம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று என் மகன் செந்தில் ஞாயிறுகூட ஆபீஸ் போய்க்கொண்டிருந்த சமயம், இங்கே இர்விங்கில் எங்கள் அபார்ட்மெண்டுக்குப் போன் வந்தது. மில்லில் நின்றுகொண்டிருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று.

பேசியவர் ஜோசப். நாகர்கோவில்காரர், அதே மில்லில் பிட்டர். வீட்டிலிருந்து யார் வருவீர்கள் என்று அவர் கேட்டதற்கு, செந்தில் "அம்மா வருவாங்க" என்று சொன்னான். அவன் போக முடியாது. கிரீன்கார்டுக்குப் போட்டிருந்தது. நடுவில் நாட்டை விட்டு வெளியே போனால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். மாமனுக்குப் போக முடியவில்லையே என்று பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

எனக்கு விசா கிடைக்க நாளானது. அதற்குள் பதினாறாம் நாள் வந்துவிட்டது. அபார்ட்மெண்டிலேயே போட்டோ வைத்து, அவனுக்குப் பிடித்த அரிசியும்பருப்புச் சோறு ஆக்கி, காக்காய்க்குப் பால்கனியில் வைத்தோம். இர்விங்கில் காக்காய் சரியாக வருவதில்லை. வால் நீண்ட கறுப்புப் பறவை ஒன்று வந்து தின்றது. அதைக் காக்காய் என்று எடுத்துக்கொண்டோம். ஊரிலும் பங்காளிகள் தலை முழுகிக் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

இனி யோசனை. மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பத்து நாள் முன்னாலேயே போட்டுக்கொள்ள வேண்டும். போட்டதற்கு ஒரு மஞ்சள் புத்தகம் தருவார்கள். அதை நான் பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். ஏர்போர்ட்டில் பெட்டி வருவதற்கு முன்னாலேயே அதைத்தான் கேட்கிறார்கள். வெள்ளைக்கோட்டுப் போட்ட அம்மா ஒருத்தி என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, வரிசையெல்லாம் போன பிறகு கூடவே வந்து பெட்டியைத் திறந்து எடுக்கச் சொன்னாள். கோபிக்கவில்லை. சேலைகளைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றாள். மலேரியா மாத்திரை வாரம் ஒன்று. ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் போட்டால் கெட்ட கனவு வருகிறது, காலையில் போடுங்கள்.

வெளியே வந்தால் வெக்கை. டெக்ஸாஸ் வெயில் அடுப்பு மாதிரி காயும், அங்கே இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கும். பருத்திச் சேலையே போதும். நம் ஊர் வேப்பமரம் அங்கே ரோட்டோரமெல்லாம் நிற்கிறது. காக்காயும் உண்டு, வெள்ளைப் பனியன் போட்ட மாதிரி நெஞ்சு மட்டும் வெள்ளையாக.

என் பேரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு அக்குவா என்ற அம்மா நின்றாள். என் வயசுதான் இருக்கும், நல்ல ஆகிருதி. மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருப்பவள். அவள் வீட்டு வாசலறையில்தான் சுப்பு பதினோரு வருஷம் குடியிருந்தான். ஜோசப் ஏதோ மெஷின் வேலையாகக் குமாசி என்ற ஊருக்குப் போய் மாட்டிக்கொண்டார், வர இரண்டு நாள் ஆகும் என்று அவள் சைகையிலும் இங்கிலீஷிலும் சொன்னாள். என் இங்கிலீஷ் கடையில் பால் வாங்குகிற இங்கிலீஷ். அவளுடையது துணி விற்கிற இங்கிலீஷ். எங்களுக்குள் அது போதுமாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் முன்னறையில் மூன்று பெரியவர்கள் காத்திருந்தார்கள். கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்கள். மில்லில் சுப்புவோடு வேலை செய்தவர்கள். அக்குவா ஒரு தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

ஏர்போர்ட்டில் விடும்போது செந்தில் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொல்லியிருந்தான். "அம்மா, வேற எது வேணா பண்ணு. தண்ணி மட்டும் வெளியில குடிச்சறாத. காலரா வந்தா நான் வந்து பாக்கக்கூட முடியாது." அதனால் கையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவள் மறுபடி நீட்டினாள். பையிலிருந்து என் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம்தான். பிறகு தலை குனிந்து விடைபெற்றுப் போய்விட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பேசாமல் போவது நம்மிடமும் உண்டு. நான் வித்தியாசமாக நினைக்கவில்லை.

மறுநாள் அக்குவாவோடு மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே டிரோட்ரோ என்று பழைய வேனில் ஆள் ஏற்றுகிறார்கள். கண்டக்டர் ஜன்னலில் தொங்கிக்கொண்டு ஊர் பேரைப் பாதியாக்கி அதையே நாலு தடவை கத்துவார். உட்காரும்போது தரையைப் பாருங்கள். என் காலுக்கடியில் ஓட்டை, ரோடு ஓடுவது தெரிந்தது. பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். என்னை மட்டும் இறங்க விடவில்லை. தள்ளிக்கொண்டே என் பேர், ஊர், எத்தனை பிள்ளை என்று ஜன்னல் வழியாகக் கேட்டார்கள். இர்விங்கில் மூன்று வருஷமாக எங்கள் மேல்வீட்டில் இருப்பவர் பேர் எனக்கு இன்னும் தெரியாது.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். வாச்சே என்று ஒன்று விற்கிறார்கள், நம் தட்டைப்பயறு போட்ட சோறேதான். இலையில் மடித்துத் தருவார்கள். வாழைக்காயைப் பழுக்க விட்டுப் பொரித்துத் தருவார்கள், நன்றாக இருக்கும். கெங்கே என்பது சோள மாவைப் புளிக்க வைத்து உருண்டையாக வேகவைப்பது, பழகினால் பிடிக்கும். கவிச்சி சாப்பிடாதவர்கள் மீன் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். கறி வேண்டாம் என்றால் மீன் போடுவார்கள். மீன் வேண்டாம் என்றாலும் மீன் பொடி போடுவார்கள். சுமைகளைத் தலையில்தான் தூக்குகிறார்கள், சும்மாடு கட்டுவதுகூட நம் மாதிரியே. யாரிடமும் எதையும் இடது கையால் கொடுக்கக் கூடாது. இது நமக்குச் சொல்ல வேண்டியதில்லை, இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

சாயங்காலம் அந்த மூன்று பெரியவர்களும் திரும்ப வந்தார்கள். திரும்பத் தண்ணீர் வந்தது. திரும்ப வேண்டாம் என்றேன். இந்தத் தடவை அக்குவா டம்ளரை எடுத்துக்கொண்டு போகும்போது அவள் முகம் சரியாக இல்லை. எனக்கு ஒரே யோசனை, சாம்பலை எங்கே வைத்திருக்கிறார்கள், எப்போது தருவார்கள் என்பதுதான். கேட்கக் கூச்சம். கேட்காமலே இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள் காலையில் ஜோசப் வந்தார். நாற்பது வயசு, ஒல்லியான ஆள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, ரெண்டு நாளா தண்ணி குடிக்க மாட்டேன்னு சொல்லிட்டியளாமே?"

"செந்தில் வேண்டாம்னு சொல்லியுட்டானுங்க. நான் பாட்டல் கொண்டாந்திருக்கறனுங்க."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்த ஊர் முறையில், வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர். அதைக் குடித்த பிறகுதான் என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்பார்கள். காரியம் ஊருக்கே தெரிந்திருந்தாலும் கேட்பார்கள். வந்தவர் சொன்ன பிறகுதான் வீட்டுக்காரர் தங்கள் சேதியைச் சொல்வார்கள். தண்ணீர் இறங்காமல் பேச்சு ஆரம்பிக்காது. வேண்டாம் என்று தள்ளினால், மனசில் கோபத்தோடு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். அவர்கள் சுப்புவைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, அதனால்தான் செத்தான் என்று நான் நினைக்கிறேனாக்கும் என்று மூன்று பெரியவர்களும் இரண்டு நாளாகத் தூங்கவில்லையாம்.

"அய்யோ சாமி, அப்படியெல்லாம் இல்லீங்க" என்றேன். பிறகுதான் கேட்டேன், சாம்பலை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று.

"என்ன சாம்பல் அக்கா? அண்ணன் ஆஸ்பத்திரியிலல்லா இருக்காரு. உங்களுக்காகத்தான் வச்சிருக்கு."

ஒரு நொடி, அவன் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துவிட்டேன். அந்த நொடியை நான் செந்திலிடம்கூடச் சொல்லவில்லை.

பிணவறையில் இருந்தான். இருபத்தைந்து நாளாக. ஜோசப் தரையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "அண்ணன் மருமகன் செந்தில்ட்ட கேட்டேன். அம்மா வருவாங்கன்னு சொன்னாரு. இங்க அப்படிச் சொன்னா, நாங்க வர்றது வரைக்கும் வைங்கன்னுதான் அர்த்தம். வீட்டாளு வந்து விடை குடுக்காம இங்க யாரையும் எடுக்க மாட்டாவ. ஒரு மாசம், ரெண்டு மாசம்கூட வைப்பாவ. நீங்களும் அதைத்தான் சொன்னியன்னு நான் நெனச்சேன்."

நம்மில் ஒரு ராத்திரிக்கு மேல் வைப்பதில்லை. அதனால், எடுத்தாயிற்றா என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் பதினாறு முடித்து, வீடு கழுவி, சாப்பிட்டுவிட்டோம். அவன் இங்கே என்னை எதிர்பார்த்துப் படுத்திருந்தான். நான் வந்து இரண்டு நாளாயிற்று, மார்க்கெட்டில் வாழைக்காய் பொரித்தது தின்றுகொண்டிருந்தேன்.

அக்குவாவிடம் போய், தண்ணீர் வேண்டும் என்று கேட்டேன். முழு டம்ளரும் குடித்தேன். அவள் என் தலையைப் பிடித்து அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். கவிதாவுக்குச் சொல்கிறேன், காய்ச்சிய தண்ணீரைத்தான் விருந்தாளிக்குக் கொடுத்தாள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பயமாக இருந்தால் உதட்டில் படவிட்டுக் கீழே வைத்தால்கூடப் போதுமாம். தட்டை மட்டும் தள்ளக் கூடாது.

அன்றைக்கே மில் வாசலில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக் கூட்டம் கூட்டினார்கள். நாற்பது ஐம்பது பேர் இருக்கும். நுழைந்ததும் வலது கோடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் யாரையும் விடக் கூடாது. இதுவும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் கூட்டத்தில் பேசினவளில்லை. என் கல்யாணத்தில்கூட யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் சாவு என்றால் கட்டிக்கொடுத்த அக்காளுக்கு என்ன பேச்சு இருக்கிறது? கோடி போட்டு, அழுதுவிட்டு, ஓரமாக நிற்பதுதான். பங்காளிகள் பேசுவார்கள். இங்கே எனக்கு நடுவில் பெரிய நாற்காலி. ஏன் என்று ஜோசப்பைக் கேட்டேன்.

"இவியளுக்கு வம்சம் அம்மா வழி அக்கா. ஆம்பளைக்கு அவன் பெத்த பிள்ளை வாரிசு இல்ல, அக்கா தங்கச்சி பிள்ளைதான். அப்போ நீங்கதான் வீடு. நீங்க சொல்றதுதான்."

இன்னொரு முறையும் இருந்தது. பெரியவர்களிடம் நேராகப் பேசக் கூடாது. கம்பு பிடித்த ஒருவர் நடுவில் நின்றார். நான் ஜோசப்பிடம் தமிழில் சொல்ல வேண்டும், ஜோசப் அவரிடம் இங்கிலீஷில் சொல்வார், அவர் அதை அவர்கள் பாஷையில் கூட்டத்துக்குச் சொல்வார். எனக்கு அது பெரிய ஆறுதல். என் குரல் ஜோசப் காது வரைக்கும் போனால் போதும்.

என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்டார்கள். என் தம்பியைக் கூட்டிப் போக வந்திருக்கிறேன் என்றேன். பிறகு அவர்கள் சேதியைச் சொன்னார்கள். சனிக்கிழமை அடக்கம், மில் ஆட்களுடைய கல்லறையிலேயே இடம் எடுத்தாகிவிட்டது. பெட்டியும் செய்தாகிவிட்டது, பார்க்கச் சொன்னார்கள். பின்னால் கொட்டகையில் துணியை விலக்கினார்கள். ஆள் நீளத்துக்கு ஒரு நூல் கோன், படுக்க வைத்த மாதிரி. மரத்தில் செய்து, வெள்ளை அடித்து, நூல் சுற்றின வரியை ஒவ்வொன்றாக நீலத்தில் கோடு போட்டிருந்தார்கள். மீன்காரனுக்கு மீன் மாதிரி, டிரைவருக்குக் கார் மாதிரிப் பெட்டி செய்வது அந்தப் பக்கத்து வழக்கமாம். பார்த்ததும் எனக்கு, விளையாட்டுச் சாமான் மாதிரி என்ன இது என்று ஒரு கூச்சம். கிட்டே போய்ப் பார்த்தேன். கோடுகள் சரியாக இருந்தன. மேலே போகிற சுற்று, கீழே வருகிற சுற்று, ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக. மெஷின் எப்படிச் சுற்றுமோ அப்படி. இருபத்திரண்டு வருஷம் அவனோடு நின்றவர்கள் வரைந்தது.

போன் கடையிலிருந்து செந்திலைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "கிரிமேட் பண்ணித்தான்மா ஆகணும். மாமாவப் பவானியிலதான் கரைக்கணும். நீ சும்மா தலையாட்டிட்டு வந்துறாத, கண்டிப்பாச் சொல்லிப்போடு" என்றான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டான்.

மறுநாள் திரும்பவும் அதே மரத்தடி. எரிக்க வேண்டும் என்று ஜோசப்பிடம் சொன்னேன். கம்புக்காரர் அதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அக்குவா வாயைப் பொத்திக்கொண்டாள். அன்சா என்பவர்தான் பெரியவர்களில் மூத்தவர், சுப்புவுக்கு முதல்நாள் மெஷின் காட்டிக் கொடுத்தவர். அவர் கேட்டதை ஜோசப் எனக்குச் சொன்னார்: "நம்ம ஆளு என்ன தப்பு செஞ்சாரு, நெருப்புல போடறதுக்கு? நாங்க அவருக்கு ஒரு இடம் வச்சிருக்கோம். வருஷா வருஷம் போய்ப் பாப்போம். அதை ஏன் வேண்டாம்ங்கறீங்க?"

சாஸ்திரம் எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

"கோவத்துல எரிக்கறது இல்லீங்க. நாங்க எங்கப்பனையும் அம்மாளையும் அப்படித்தான் அனுப்பி வெச்சோம். இங்க மண்ணுல வெச்சீங்கன்னா நீங்க பாத்துக்குவீங்க, எனக்குத் தெரியும். ஆனா நான் இன்னொருக்கா வர மாட்டனுங்க. எனக்கு வயசாச்சு. சாம்பலாக் குடுத்தீங்கன்னா மடியில வெச்சுக் கூட்டிட்டுப் போயிருவேன். எங்கம்மா கரைஞ்ச தண்ணியிலயே அவனையும் விட்டுருவேன். நீங்க செஞ்ச பெட்டியிலயே போகட்டும், அதை மாத்த வேண்டாம்."

அம்மா என்ற சொல்லைக் கம்புக்காரர் சொன்னபோது கூட்டத்துப் பெண்கள் ஒரு சத்தம் போட்டார்கள், ஆமாம் என்பது மாதிரி. அன்சா கம்புக்காரர் பக்கம் திரும்பினார். வீடு பேசிவிட்டது, அம்மாவிடம் போகட்டும் என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். அவர் இன்னொன்று கேட்டார். அவர்கள் முறையில் மாமன் செத்தால் அக்காள் மகன் வந்து நிற்க வேண்டும். மாமனுடைய இடத்தில் உட்கார வேண்டியவன் அவன். "உங்க மகன் எங்கே?"

பொய் சொல்லியிருக்கலாம், உடம்பு சரியில்லை என்று. மாமன் பாசத்தை நம்மை விடப் பெரிதாக வைத்திருக்கிற மனிதர்கள் நடுவில் எனக்கு அது வரவில்லை. "அவன் வர்லீங்க. வர முடியலீங்க. அவன் மேல தப்பு நெனைக்காதீங்க" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். ஜோசப்பும் இங்கிலீஷில் இவ்வளவுதான் சொன்னார். அந்தக் கம்புக்காரர் கம்பை மாற்றிப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் பேசினார். ஒரு இடத்தில் என்னைக் காட்டினார். ஒரு இடத்தில் கடல் பக்கம் கையை நீட்டினார். கூட்டம் தலையாட்டிக்கொண்டே இருந்தது. முடித்ததும் பெண்கள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்தார்கள். என்ன சொன்னார் என்று ஜோசப்பைக் கேட்டேன். "எனக்கு மில் பாஷைதான் தெரியும் அக்கா. இவரு பேசறது பெரிய பாஷை. சொல்லக் குடுத்ததை அப்படியே சொன்னா அவருக்கு மரியாதை இல்ல, அழகு பண்ணித்தான் சொல்லுவாரு" என்றார்.

சனிக்கிழமை டெமாவில் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். ரோடெல்லாம் சாவு ஊர்வலம்தான், கறுப்பும் சிவப்பும் கட்டிக்கொண்டு. எனக்கும் ஒரு துண்டு சிவப்புத் துணி வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் போன பிறகு நான் சிவப்பு கட்டியதில்லை. சேலைக்கு மேல் போர்த்திக்கொண்டேன். பேண்ட் வாத்தியம் வைத்து, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடிக்கொண்டே போனார்கள். முதலில் மில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள், அவன் வேலை செய்த பக்கத்துச் சுவருக்கு நேராக. அரை நிமிஷம் வாத்தியம் நின்றது. உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அக்ராவில் குடியேறிய வடஇந்தியர்கள் ஏற்படுத்தின சுடுகாடு இருக்கிறது. நம் ஊரில் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவோம். சுடுகாடு எப்படி இருக்கும் என்பதையே அங்கேதான் முதல்முறையாகப் பார்த்தேன். கொள்ளி வைக்க யாருமில்லை. ஜோசப் வேதக்காரர், கிறிஸ்தவர்; இருந்தாலும் வேண்டுமானால் செய்கிறேன் என்றுதான் சொன்னார். நானே வைத்தேன். சின்ன வயசில் அவனைத் தூக்கித் திரிந்தவள் நான்தானே. பெயின்ட் முதலில் பிடித்தது. நீலக் கோடுகள் ஒவ்வொன்றாகப் போயின. எரிப்பதை வேண்டாம் என்றவர்களும் ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை, கடைசி வரை நின்றார்கள்.

சாம்பலை விமானத்தில் கொண்டு வருகிறவர்கள் மரணச் சான்றிதழ், எரித்த சான்றிதழ் இரண்டையும் கையிலேயே வைத்திருங்கள். டாலஸ் ஏர்போர்ட்டில் ஆபீசர் என் மடியில் இருந்ததைக் காட்டி, சாப்பாடா என்று கேட்டார். "பிரதர்" என்றேன். பேப்பரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அந்தத் தையிலேயே நான் ஊருக்குப் போய்ப் பவானி கூடுதுறையில் கரைத்துவிட்டு வந்தேன்.

மறந்தது ஒன்றிரண்டு. மார்கழி தையில் வடக்கேயிருந்து ஒரு புழுதிக் காற்று அடிக்கும், உதடு வெடிக்கும், தேங்காய் எண்ணெய் கொண்டு போங்கள். கரண்ட் அடிக்கடி போகும், டார்ச் லைட் வேண்டும். மிக்ஸி கொண்டு போகாதீர்கள், உள்பக்கம் வரிவரியாகக் கீறிய மண்சட்டி கிடைக்கிறது, அம்மி மாதிரி அதில் அரைக்கலாம், சட்னிக்கு அதுவே நன்றாக இருக்கிறது.

நான் எழுதினதில் தப்பு இருக்கும். ஊசி பத்து நாளா, அதற்கு மேலா என்று டாக்டர் யாராவது சரிபாருங்கள். விசாவுக்கு இப்போது என்ன பேப்பர் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஊர் பேர்களையும் சாப்பாட்டுப் பேர்களையும் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன், தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

கவிதா, உன்னை ஒன்று கேட்கிறேன். அங்கே போனதும் ஒரு நாள் டெமாவுக்குப் போய் அன்சா வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, அன்றைக்கு அந்தக் கம்புக்காரர் என் பேரில் என்ன சொன்னார் என்று கேட்டு எழுது. செந்தில் ஒரு நாள் வருவான் என்று அவர் கூட்டத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தால், அதையும் மறைக்காமல் எழுது. அவனுக்குப் போன மாதம் கிரீன்கார்டு வந்துவிட்டது.